மின்விசிறியின் கீழ் ஆறும் சோறு

ஜனவரி 9, வியாழன்

மகன் அனுப்பிய புது டைரி இன்றுதான் வந்து சேர்ந்தது. எட்டு நாள் வீண். அந்த எட்டுப் பக்கத்தைக் கிழிக்கவும் மனசில்லை, நிரப்பவும் விஷயமில்லை.

வியாழன் என்பதால் மூலைக்கடை. புது டைரிக்கு நம் கதை தெரியாது, ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மூலைக்கடை என்பது எங்கள் தெருமுக்கில் இருக்கும் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. பலகையில் நீளமாக ஒரு பெயர் உண்டு, எங்கள் வாயில் அது நுழைந்ததே இல்லை. கடை ஆரம்பித்து இருபத்து மூன்று வருடம். நாங்கள் வியாழன்தோறும் போக ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம். மேஜைகளைப் பார்ப்பது அக்கா. பாதி ஊர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது, அவரைவிட மூத்தவர்கள் உட்பட. அடுப்படியில் அவர் கணவர். அவர் எல்லோருக்கும் மாஸ்டர்.

ஆறாம் மேஜை. இவருக்கு (என் வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்) இஞ்சி மீன். எனக்குப் பச்சைக் குழம்பும் வெறும் சோறும். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. உட்கார்ந்தால் வரும்.

அக்கா வழக்கம்போல, "இன்னிக்காவது ஃப்ரைட் ரைஸ் வைக்கட்டுமா? மாஸ்டர் கைப்பக்குவமே அதுலதான் இருக்கு" என்றார். நானும் வழக்கம்போல, "வறுத்த சோறு எனக்கு ஒத்துக்காதுக்கா" என்றேன்.

குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தோம்.

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் ஒரு பேக்கரியில் சோதனை. கிரீம் டப்பாவுக்கு மேல் தட்டில் உடைந்த முட்டை. ஏன் என்று கேட்டால், "எப்பவும் அங்கதாங்க வைப்போம்" என்கிறான். எப்பவும் செய்தால் தப்பு சரியாகிவிடுமா? எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் மேலதிகாரி கூப்பிட்டார். வட்டாரங்களை மாற்றிப் பிரித்திருக்கிறார்களாம். பிப்ரவரி ஒன்றிலிருந்து எங்கள் பேட்டையும் என் பொறுப்பில். பட்டியலைக் கொடுத்தார். நூற்றுப் பதினெட்டுச் சாப்பாட்டுக் கடைகள். நாற்பத்து மூன்றாவது வரியில் மூலைக்கடை, அதன் நீளமான பெயரோடு. ஒரு நிமிடம் அடையாளமே தெரியவில்லை.

ஜனவரி 15, புதன்

இருபத்தாறு வருடமாக உணவுச் சுகாதார ஆய்வாளர் வேலை. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: சோதனை செய்யும் கடையில் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தெரிந்த முகம் என்றாலே கை தயங்கும். தயங்கிய கை அப்புறம் எதையும் திறந்து பார்க்காது.

அதனால்தான் மூலைக்கடையில் என் வேலையைச் சொன்னதே கிடையாது. "கவர்ன்மென்ட் ஆபீஸ்" என்பதோடு சரி. தெரிந்தால் தனித் தட்டு, தனிக் கவனிப்பு, முகத்தில் ஒரு பயம். அதெல்லாம் வேண்டாம் என்றுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். டிவியை நிறுத்தினார். அதுவே பெரிய செய்தி.

"அப்ப வியாழக்கிழமை?"

"நீங்க போங்க. நான் வரக்கூடாது."

"உன் வேலை கடைசில என் வயித்துலயே அடிச்சிருச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டிவியை மறுபடி போடவில்லை.

வீட்டில் நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். முகம் பார்த்துப் பேசுவது ஆறாம் மேஜையில்தான். மகனை வெளியூர் அனுப்புவதா, என் அப்பாவை எங்களோடு வைத்துக்கொள்வதா, இவர் சிகரெட்டை விடுவது – எல்லாம் அங்கே முடிவானவை. சிகரெட் மட்டும் மூன்று தடவை முடிவானது.

ஜனவரி 16, வியாழன்

போனோம். குடை கிடைத்தது, அக்கா வளைந்த கம்பியை நிமிர்த்தி வைத்திருந்தார்.

எழுதத்தான் வேண்டும். இவருக்குக்கூடச் சொல்லாதது.

வறுத்த சோறு எனக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். அந்தக் கடையின் வறுத்த சோற்றை நான் தொடாததற்குக் காரணம் வேறு. நாங்கள் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம், கழிவறைக்குப் போகும் வழியில் பார்த்தேன். பின்பக்கத்து மேஜையில் நான்கு அகலத் தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் மேஜை மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. அப்போது மணி ஏழு. கிளம்பும்போது, ஒன்பது இருக்கும், மறுபடி எட்டிப் பார்த்தேன். அதே மேஜை, அதே நான்கு தட்டு, சோறு அப்படியே. இரண்டு மணி நேரம்! மறுநாள் வறுக்க எடுக்கும் சோறு அது. சமைத்த சோற்றை ஆறவிட்டு அப்படியே வெளியில் வைத்தால் கிருமி எப்படிப் பெருகும் என்று கடை கடையாகப் போய்ப் பாடம் எடுப்பவள் நான்.

அன்று சொல்லவில்லை. என் வட்டாரம் இல்லையே. நான் சாப்பிட வந்தவள்தானே. அந்த வட்டாரத்து ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம், அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. போடவில்லை. பச்சைக் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் அந்தக் கழிவறைப் பக்கம் நான் போனதே இல்லை. பத்தொன்பது வருடம். வீடு வரை அடக்கிக்கொண்டு போகும் என் பொறுமையை இவர் கிண்டல் செய்வார்.

ஜனவரி 20, திங்கள்

மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன்: 'பட்டியல் எண் 43க்கு நான் நெடுநாள் வாடிக்கையாளர். வேறொருவரை அனுப்பக் கோருகிறேன்.'

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உறவா?"

"இல்ல சார்."

"பங்கு கிங்கு?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா, சாப்பிட்டது குத்தமா? தெர்மாஸ் கண் ஆபரேஷனுக்குப் போயிட்டான், வர ஒரு மாசம் ஆகும். ஆள் இல்ல. போய்ப் பாருங்க."

தெர்மாஸ் என்பது துறைமுக வட்டாரத்தைப் பார்ப்பவர். வீட்டுக் காப்பியைத் தவிர எதையும் குடிக்க மாட்டார், ஃபிளாஸ்க்கும் கையுமாகவே திரிவார். என்னைவிடக் கறார்.

ஜனவரி 23, வியாழன்

மழை. முட்டி வலி. போகவில்லை. இவருக்கு முறுகலாக ரொட்டியும் முட்டையும் செய்து கொடுத்தேன். "நல்லாதான் இருக்கு" என்றார், தண்டனையை ஏற்றுக்கொண்டவர் மாதிரி.

ஜனவரி 30, வியாழன்

கடைசி வியாழன். அக்காவுக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. சோதனைக்கு வரப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் வேலையில் பெரிய தப்பு. வாய் வரைக்கும் வந்தது. குழம்பை விழுங்குவதுபோல அதையும் விழுங்கினேன்.

அக்கா ஃப்ரைட் ரைஸைப் பற்றிக் கேட்டார். ஒத்துக்காது என்றேன்.

இவர் இரண்டாம் தடவை மீன் வாங்கிச் சாப்பிட்டார். நாளைக்கே கடையை இழுத்து மூடப்போகிறார்கள் என்பதுபோல.

பிப்ரவரி 6, வியாழன்

இவர் மட்டும் போனார். எனக்கு வேலை என்று சொல்லியிருக்கிறார். "பொய் சொன்னது நான், பாவம் உனக்கு" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதுகிறேன். மனசு அப்புறம்.

மத்தியானம் இரண்டு மணி. கூட்டம் கலைந்த நேரம். அக்கா மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன, இன்னிக்கு செவ்வாய்தானே?" என்று சிரித்தார். அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க இந்த வேலைன்னு. வந்த ரெண்டாவது வருஷமே தெரியும். கை கழுவுற இடத்துல சோப்பு இருக்கான்னு பார்த்துட்டுதானே உட்காருவீங்க? பசிச்சு வர்றவங்க மெனுவைப் பார்ப்பாங்க. நீங்க சோப்பைப் பார்த்தீங்க." பெருமையாகச் சொன்னார். "மாஸ்டர்கிட்ட சொல்லுவேன் – இவ்ளோ தெரிஞ்சவங்களே வாராவாரம் வந்து சாப்பிடறாங்க, நம்ம அடுப்படிக்கு இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்னு."

உள்ளே போனேன். நேராகப் பின்பக்க மேஜைக்குத்தான் போனேன். கால் தானாகப் போனது.

நான்கு தட்டு. மின்விசிறி. சோறு.

பையிலிருந்து ஊசி வெப்பமானியை எடுத்தேன். பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் சமையலுக்குச் சரி, சோதனைக்கு ஆகாது, நாலு மூலையிலும் நடுவிலும் குத்திப் பார். குத்தினேன். அதற்குள் மாஸ்டர் சுவரில் தொங்கிய நோட்டைக் கழற்றி வந்து நீட்டினார். அவர் அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு ஈடு சோற்றுக்கும் ஒரு வரி: பரப்பிய நேரம், குளிர்பெட்டிக்குள் வைத்த நேரம். இருபது நிமிடம். இருபது. இருபத்திரண்டு. இருபது. புத்தகத்தில் சொன்னதைவிட வேகமாக ஆறவைக்கிறார். அதற்குத்தான் அகலத் தட்டு, அதற்குத்தான் மின்விசிறி.

"ஒரு நாளைக்கு எத்தனை ஈடு?" என்று கேட்டேன்.

"மத்தியானம் ஒண்ணு. ராத்திரி ஏழு மணிக்கு ஒண்ணு. எட்டே முக்காலுக்கு இன்னொண்ணு."

ஏழு மணிக்கு ஒன்று. எட்டே முக்காலுக்கு இன்னொன்று. நான் பார்த்தது இரண்டு ஈடு. அதே தட்டு, அதே மேஜை, வேறு சோறு.

"பழைய நோட்டும் இருக்கு, பார்க்கறீங்களா? ஆரம்பத்துலேர்ந்து வச்சிருக்கோம்" என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டைப் பார்க்கும் தைரியம் இல்லை.

பிறகு மற்ற இடங்கள். கத்தி, பலகை, குளிர்பெட்டி, வடிகால், எல்லாம் பளிச். கடைசியாகச் சூட்டுத் தொட்டி. குழம்புப் பாத்திரங்கள் ஆறாமல் இருக்க, சுடுநீரில் இறக்கி வைத்திருக்கும் மின்சாரத் தொட்டி. அறுபது டிகிரிக்குக் கீழே போகக்கூடாது; முள் அறுபத்தைந்தில் நின்றது. வேலை செய்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்தது. குழம்பில் ஊசியை இறக்கினேன். நாற்பத்து நான்கு.

வேறு இடத்தில் குத்தினேன். நாற்பத்து மூன்று. அடியில் சூடாக்கும் கம்பி பாதி செத்துக் கிடந்திருக்கிறது, முள் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. காலை ஒன்பதிலிருந்து அந்த வெதுவெதுப்பில் இருந்தது பச்சைக் குழம்பு. என் குழம்பு. பத்தொன்பது வருடம் சோற்றைச் சந்தேகப்பட்டவள் வாரம் தவறாமல் சாப்பிட்டது அதைத்தான்.

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. பாத்திரத்தைத் தூக்கி வந்து என் கண் முன்னாலேயே கொட்டினார்.

மஞ்சள் தாள். சட்டம் அதுதான். பச்சைத் தாள் என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் குறை, சிவப்பு என்றால் மூட வேண்டும். மறுசோதனை வரைக்கும் முன்கண்ணாடியில், தெருவில் போகிறவர்கள் படிக்கும் உயரத்தில் ஒட்ட வேண்டும். இருபத்து மூன்று வருடமும் அங்கே பச்சைதான். நானே ஒட்டினேன். மூலையில் குமிழ் விழுந்தது, தேய்த்துச் சரி செய்தேன்.

அக்கா மஞ்சள் தாளை எதிர்த்து வாதாடவில்லை. "தொட்டி எங்க தப்பு" என்றார். நான் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். உள்ள வந்ததும் நேரா சோத்துத் தட்டுக்குப் போனீங்க. எந்த அதிகாரியும் அப்படிப் போனதில்ல. முன்னாடியே பார்த்திருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

"எப்ப?"

சொன்னேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "அதான் சாப்பிடலையா. சரி. நீங்க சாப்பிடல. ஆனா பக்கத்து மேஜையில குழந்தைங்க சாப்பிட்டாங்களே, அதைப் பார்த்துட்டு சும்மா உட்காந்திருந்தீங்களா? கெட்ட சோறுன்னு நெனச்சுட்டே? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பத்தொன்பது வருஷம்... ஒரு வார்த்தை!"

கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

பிப்ரவரி 12, புதன்

என்ன ஜென்மம் நான்? ஊர்ல இருக்கிற கடைக்காரனை எல்லாம் நிக்க வச்சுக் கேள்வி கேக்கத் தெரியுது. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கத் தெரியல.

நான் நினைத்தது தப்பாகப் போனது, சரி. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் நான் நினைத்தது சரியாக இருந்திருந்தால்? அப்போதும் பேசாமல்தான் உட்கார்ந்திருப்பேன். எவனோ ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். நான் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். இதை எந்த மூலையில் குத்திப் பார்த்தாலும் ஒரே சூடுதான் காட்டுகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழிவறை விஷயம் உட்பட.

"நான் ஃப்ரைட் ரைஸ் கேட்டப்பல்லாம், 'வேணாம், மீன் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது'ன்னு சொன்னியே..." என்றார்.

"ஆமா."

"என்னை மட்டும் காப்பாத்தியிருக்க."

குத்தலா, நன்றியா? அவர் முகத்தில் இரண்டும் தெரிந்தது.

சாயங்காலம் அவர் மட்டும் போனார். போகும்போது, நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். "உன் வாய் பண்ணின தப்புக்கு என் வாயை வாடகைக்குக் கேக்காத. நீயே வந்து சொல்லு" என்றார். எப்படி வருவது? என் வட்டாரம். அதிகாரி போய் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பாக இருக்காது. மஞ்சள் தாளுக்குச் சமாதானம் சொல்ல வந்தவள் போல இருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்றுக் கடையில் நாலே மேஜையில்தான் ஆள் இருந்ததாம். ஒரு குடும்பம் வாசல் வரை வந்து தாளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனதாம். அக்கா இவருக்கு எப்போதும்போல மீன் கொண்டுவந்திருக்கிறார். என்னை விசாரிக்கவில்லை. என் நாற்காலியில் பையை வைத்துவிட்டு இவர் சாப்பிட்டாராம்.

பிப்ரவரி 17, திங்கள்

பத்தொன்பது வருடத்துக்கு முன் சந்தேகப்பட்டதைத் தெரிவிக்காமல் விட்டேன் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இதை நான் என்னம்மா பண்றது? இதுக்கு ஃபாரமே இல்லையே."

"கோப்புல வைங்க சார்."

"எந்தக் கோப்புல?"

மேஜை இழுப்பறையில் போட்டார். "தப்பு நடக்காத இடத்துல தப்பைச் சொல்லலைன்னு ஒரு புகார். இருபது வருஷத்துல இப்பதான் பார்க்கறேன்" என்று அவர் யாரிடமோ போனில் சொல்லிச் சிரித்தது வராந்தா வரைக்கும் கேட்டது. சிரிக்கட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இவர் போனார். எட்டு மேஜையில் ஆள். நான் வீட்டில் துணி மடித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பஸ் நிறுத்தத்துக்குச் சுற்று வழியில் போகிறேன். மூலைக்கடை முன்னால் போனால் அந்த மஞ்சள் தாளில் என் கையெழுத்து. நல்ல கையெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

மகன் போன் செய்தான். டைரி எழுதுகிறாயா என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். "என்ன எழுதற?" "சோறு, குழம்பு." சிரித்தான்.

மார்ச் 11, செவ்வாய்

தெர்மாஸ் வேலைக்கு வந்துவிட்டார், கறுப்புக் கண்ணாடியோடு. எனக்குப் பதிலாக மறுசோதனைக்கு மூலைக்கடை போய்விட்டு வந்தார். பச்சைத் தாள். புதுத் தொட்டி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே கயிற்றில் ஒரு ஊசி வெப்பமானி தொங்குகிறதாம். மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்து எழுத ஒரு புது நோட்டும்.

"ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"முடிச்சதும் சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. நான் வெளில எதுவும் தொடறதில்லன்னு ஃபிளாஸ்க்கைக் காட்டினேன்."

"அதுக்கு?"

"'பரவால்ல, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க'ன்னாங்க. யாரை மனசுல வச்சுட்டுச் சொன்னாங்கன்னு தெரியல."

எனக்குத் தெரிந்தது.

மார்ச் 19, புதன்

தெர்மாஸிடம் கேட்டுவிட்டேன்: வட்டாரத்தை மாற்றிக்கொள்ளலாமா? அவர் இங்கே, நான் துறைமுகம். ஏதோ லாட்டரி விழுந்ததுபோலப் பார்த்தார். துறைமுகம் என்றால் மீன் கிடங்கு, ஐஸ் தண்ணீர், இரண்டு பஸ் மாற வேண்டும், என் முட்டிக்கு ஏற்ற படிக்கட்டு ஒன்றுகூடக் கிடையாது.

"யோசிச்சுட்டுதான் கேக்கறீங்களா?"

"ரொம்ப யோசிச்சுட்டேன்."

மேலதிகாரி காரணம் கேட்டார். "சாப்பிடணும் சார்" என்றேன். அதற்கும் ஃபாரம் இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20, வியாழன்

இவருக்குச் சொன்னேன். "மீன் நாத்தத்தோட வருவியே, துணி துவைக்கிறது நான்தானே?" என்றார். சொல்லிவிட்டு எனக்குத் தெரியாமல் புது முட்டிப்பட்டை வாங்கி வந்து, என் வேலைப் பையில் வைத்திருந்தார். இப்போதுதான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

துறைமுகம், முதல் நாள். செருப்பு போயிற்று. நாளைக்கு ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

போனேன்.

ஆறாம் மேஜை காலியாகத்தான் இருந்தது. இவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா வந்தார். இப்போது இது என் வட்டாரம் இல்லை, வேறு ஆள் பார்க்கிறார் என்றேன். தலையாட்டினார்.

"நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க அக்கா."

வீட்டில் ஒரு பக்கத்துக்குத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் போய் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மெனு அட்டை.

"என்ன சாப்பிடறீங்க?" என்றார். முதல் தடவை வந்தவர்களிடம் கேட்கும் குரல். இவர் பக்கம் அட்டை வைக்கவில்லை. அவருக்கு மீன் தானாக வரும்.

பத்தொன்பது வருடத்தில் அந்த அட்டையை நான் திறந்ததில்லை. முதல் நாள் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துக் குழம்பு சொன்னேன், அதற்குப் பிறகு அதுவே வந்துகொண்டிருந்தது. இன்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன், பரீட்சை எழுதுகிறவள் மாதிரி. கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: 'எங்கள் அடுப்படியைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக உள்ளே வரலாம்.'

"இது எப்ப போட்டீங்க அக்கா?"

"கடை தொறந்த அன்னிக்கு."

முப்பத்தொன்றாம் எண் என்றேன். ஃப்ரைட் ரைஸ்.

"உறைப்பு எவ்ளோ?" அதையும் கேட்டார். அவருக்குத் தெரியாதா என் உறைப்பு!

சாப்பிட்டேன். சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஓரத்தில் லேசாகக் கருகின வாசனை. எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் பத்தொன்பது வருடத்தை வாரக் கணக்கில் பெருக்கிப் பார்க்கத் தோன்றும்.

கிளம்பும்போது அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வாங்க" என்றார், சிரிக்காமல். போனேன். மாஸ்டர் தட்டில் சோறு பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மின்விசிறியைக் கொஞ்சம் திருப்பி, நிற்க இடம் கொடுத்தார்.

வரும் வழியில் கழிவறைக்கும் போய்விட்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. சோப்பு இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

மெனு அட்டை. முப்பத்தொன்று. உறைப்பு எவ்வளவு என்ற கேள்வி.

ஏப்ரல் 17, வியாழன்

மெனு அட்டை. இவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்து, "பொறு" என்றார்.

சோறு கொஞ்சம் உப்புக் கூட. அந்தக் காலத்து நானாக இருந்தால் சொல்லாமல் விழுங்கியிருப்பேன். "அக்கா, இன்னிக்கு உப்பு தூக்கலா இருக்கு" என்றேன். இவர் மீன் முள்ளை முழுங்கியவர் மாதிரி விழித்தார். அக்கா தட்டை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். "ஆமா" என்றார். உள்ளே போய் ஏதோ சத்தம் போட்டார். வேறு வந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

கிடங்கில் குளிர்பெட்டி பழுது, நாலு மணி நேரம் ஈரத்தில் நின்றேன். போக முடியவில்லை. இவர் மட்டும் போனார். திரும்பி வந்து, "உன்னைக் கேட்டாங்க" என்றார்.

"என்னன்னு?"

"'எங்க உங்க உப்பு அதிகாரி?'ன்னு."

மே 1, வியாழன்

இன்று விடுமுறை, கடையில் நெரிசல். ஆறாம் மேஜையில் வேறு யாரோ. ஒன்பதில் உட்கார்ந்தோம். அக்கா அட்டையைக் கொண்டு வந்தார், வைக்கும் முன்பே யாரோ கூப்பிட, கையில் பிடித்தபடியே போய்விட்டார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து வைத்தார். இதெல்லாம் கணக்கில் சேருமா?

மே 8, வியாழன்

முட்டிக்கு ஊசி போட்டார்கள். சாயங்காலம் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மே 15, வியாழன்

ஆறாம் மேஜை. நான் சோப்பைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். இவர் சிகரெட் பற்றி நாலாவது முடிவை எடுத்துக்கொண்டிருந்தார்.

மெனு அட்டை வரவில்லை. இஞ்சி மீன் வந்தது. ஃப்ரைட் ரைஸ் வந்தது, என் உறைப்பில்.